சுக்லாய், சூயோத்: தகாலோக் மொழியின் சீப்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிலிப்பைன்ஸ்காரர்களோடு ஒரே அலுவலகத்தில், ஒரே மருத்துவமனையில், ஒரே தங்கும் அறையில் இருக்கும் தமிழர்கள் துபாயிலும் சிங்கப்பூரிலும் நிறைய. அவர்களின் தகாலோக் மொழியைக் கற்றுக்கொள்ள ஆசைப்படுபவர்கள் முதலில் பிடித்துக்கொள்வது கைக்கெட்டும் பொருள்களின் பெயர்களைத்தான். அதில் சீப்பும் ஒன்று. சின்னச் சொல்தான், ஆனால் அதை இழுத்தால் பின்னாலேயே பேன், வயல், போலீஸ், நிலா என்று பலதும் வரும். கேள்விகளை அந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்வோம்.

சீப்புக்கு தகாலோக்கில் என்ன சொல்?

சுக்லாய். இரண்டே அசை, அழுத்தம் கடைசி அசையில். 'சுக்' என்பதைச் சட்டென்று சொல்லிவிட்டு 'லாய்' மேல் குரலை ஏற்ற வேண்டும். தலை வாரும் சாதாரணச் சீப்பு எதுவானாலும் சுக்லாய்தான்: பிளாஸ்டிக், மரம், பையில் வைத்துக்கொள்ளும் சின்னது, முடிதிருத்தகத்தில் கிடக்கும் நீளமானது, எல்லாம்.

சீப்பின் பல்லுக்கு அங்கேயும் பல் என்றே பெயர்: ஙீப்பின். ஆமாம், ஙகரத்தில் தொடங்கும் சொல். நம் அரிச்சுவடியில் ங, ஙா, ஙி, ஙீ என்று ஒரு வரிசையையே மனப்பாடம் செய்துவிட்டு வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பயன்படுத்தாமல் இருந்தோமே, அந்த எழுத்துகளுக்கெல்லாம் தகாலோக்கில் தினமும் வேலை உண்டு. இந்த ஒலியில் சொல் தொடங்குவதற்கு மற்றவர்கள் திணறுவார்கள். தமிழ் படித்தவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தால் வந்துவிடும்.

இது ஸ்பானியச் சொல்லா? பிலிப்பைன்ஸ் மொழிகளில் பாதி ஸ்பானியம் என்கிறார்களே?

பாதி என்பது மிகை. 1565 முதல் 1898 வரை ஸ்பெயின் ஆண்ட நாடு, அதனால் கடன் சொற்கள் ஏராளம். பல் துலக்கும் பிரஷ் சிபில்யோ, முள்கரண்டி தினிதோர், தலையில் தடவுவது பொமாதா, எல்லாம் ஸ்பானிய வழி வந்தவை. சுக்லாய் அப்படி இல்லை. ஸ்பானியத்தில் சீப்புக்குப் பெய்னே என்று பெயர், சுக்லாயோடு ஒட்டும் ஒலி அதில் ஒன்றும் கிடையாது. இது ஊர்ச் சொல். பக்கத்து மொழியான செபுவானோவில் இதன் உடன்பிறப்பு சுத்லாய் என்று இன்றும் புழங்குகிறது.

இந்தக் குடும்பம் ஸ்பானியர் வருவதற்கு முன்பே அங்கே இருந்தது என்பதற்கு நல்ல சாட்சி ஒருவர் இருக்கிறார். ஸ்பெயின் அனுப்பிய மாலுமி மகெல்லனின் கப்பலில் வந்த இத்தாலியர் அந்தோனியோ பிகாஃபெட்டா. 1521 மார்ச்சில் ஹோமோன்ஹோன் தீவில் உள்ளூர்க்காரர்களை முதன்முதலாகச் சந்தித்தபோது மகெல்லன் கொடுத்த பரிசுகளை அவர் எழுதி வைத்திருக்கிறார்: சிவப்புத் தொப்பி, முகம் பார்க்கும் கண்ணாடி, சீப்பு, மணி, தந்தம். சீப்பு தெரியாத மக்களுக்குச் சீப்பு கொடுத்ததாக நினைத்துக்கொண்டார்களோ என்னவோ. பிறகு செபுத் தீவில் பிகாஃபெட்டா ஒரு சொற்பட்டியல் தயாரித்தார். அதில் சீப்புக்கும் சொல் இருக்கிறது, தலை வாருவதற்கும் சொல் இருக்கிறது. சீப்புக்கு அவர் எழுதியதை இன்றைய முறையில் எழுத்துக்கூட்டிப் படித்தால் 'குத்லெய்' என்று வரும். அந்த முதல் எழுத்தை ச ஒலியாக வாசித்தால் 'சுத்லெய்', அதாவது இன்றைய செபுவானோ சுத்லாய். அப்படித்தான் வாசிக்க வேண்டும் என்பது என் எண்ணம். தலை வாருவதற்கு அவர் தந்த சொல் 'மொன்சுகுத்'. இதன் நடுவே ஒளிந்திருக்கும் 'சுகுத்', அடுத்து வரப்போகும் சூயோத்தின் வீட்டு ஆள்.

சூயோத் என்றால் என்ன? அதுவும் சீப்பு என்கிறார்களே?

சீப்புதான், ஆனால் பேன் சீப்பு. என்னைக் கேட்டால் சுக்லாயைவிட இதுதான் சுவாரசியமான சொல். சுக்லாய் தலையோடு நின்றுவிடுகிறது, சூயோத் ஊரையே சுற்றி வருகிறது.

பழைய சூயோத் மூங்கிலிலோ மரத்திலோ செய்தது. நடுவில் ஒரு தண்டு, இரு பக்கமும் பல். பல் என்றால் முடி ஒன்று நுழைந்து போகிற அளவுக்குத்தான் இடைவெளி, பேன் உடம்பு அதில் மாட்டிக்கொள்ளும். மடியில் வெள்ளைத் துணி விரித்து, தலையைக் குனிய வைத்து, பிடரியிலிருந்து முன்பக்கமாக இழுத்தால் துணியில் கறுப்புப் புள்ளிகள் விழுந்து ஓடும். ஓட விடாமல் இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கு இடையில் வைத்து நசுக்க வேண்டும். இந்த ஒரு செயலுக்கென்றே தகாலோக்கில் தீரிஸ் என்று தனிச் சொல் உண்டு. நம்மூரில் பேன் குத்துவது என்போமே, அதே வேலை.

பேனுக்குக் கூத்தோ, ஈருக்கு லிசா, முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த குஞ்சுப் பேனுக்குக் குயூமாத். கூத்தோ பெரிய குடும்பத்துச் சொல்: மலாயில் குத்து, நியூசிலாந்தின் மவோரியிலும் குத்து, ஹவாய் மொழியில் உகு. உகுலேலே என்ற நாலு கம்பி வாத்தியத்தின் பெயரில் இருக்கும் உகு இதுதான். 'தாவும் பூச்சி' என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள்.

ஒருவர் தலையில் இன்னொருவர் பேன் பார்ப்பதற்கு ஹிஙூத்தோ. கூத்தோவின் முன்னால் 'ஹி' சேர்ந்து, க ஒலி ங ஒலியாகக் கரைந்திருக்கிறது. நகத்துக்குக் கூக்கோ, நகம் வெட்டிக்கொள்வது ஹிஙூக்கோ. உடம்பிலிருந்து ஒன்றை நீக்குவதற்கு இப்படி ஓர் இலக்கண ஏற்பாட்டையே வைத்திருக்கிறார்கள். மதிய வேளையில் வாசற்படியில் மேலும் கீழுமாக உட்கார்ந்து, ஊர்க்கதை பேசியபடி ஹிஙூத்தோ நடக்கும். இந்தக் காட்சி தமிழருக்கு விளக்க வேண்டியதே இல்லை.

பேன் சீப்பு எப்படி வயலுக்குப் போனது?

நெல் வயலில் உழவு முடிந்து தண்ணீர் கட்டியதும், கட்டிகளை உடைத்து, களை வேர்களை அரித்தெடுக்க எருமை பூட்டி இழுக்கும் பல் வைத்த கருவி ஒன்று உண்டு. அதற்கும் பெயர் சூயோத். கீழே ஒரு கட்டை, அதில் வரிசையாக இறக்கிய பற்கள், மேலே பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கைப்பிடி. தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய சீப்பு ஒன்று சேற்றில் நடந்து போவது மாதிரி இருக்கும். பின்னால் நடக்கும் ஆள் கைப்பிடியை அழுத்தினால் பற்கள் ஆழமாக இறங்கும், தூக்கினால் சேர்ந்த குப்பை உதிரும். நம் பரம்படிப்பு நிலத்தை மட்டப்படுத்துவதில் முடியும். சூயோத் அதற்கு முன்படி, கிளறி வாரி எடுப்பது.

இதில் கவனிக்க ஒன்று: ஏருக்கு அங்கே அராரோ என்ற ஸ்பானியச் சொல் வந்து உட்கார்ந்துவிட்டது, ஆனால் ஏருக்குப் பின்னால் வரும் கருவிக்குச் சொந்தச் சொல்லே நிலைத்தது.

வயலிலிருந்து அடுத்த தாவல் செய்தித்தாளுக்கு. ஓர் இடத்தை அங்குலம் விடாமல் தேடுவதற்கு சுயூரின் என்ற வினை. 'காணாமல்போன சிறுவனைத் தேடி ஊர் முழுவதையும் போலீஸ் சல்லடை போட்டது' என்று நாம் எழுதும் இடத்தில் அவர்கள் 'சினூயோத்' என்று எழுதுவார்கள். நாம் சல்லடையைக் கையில் எடுத்தோம், அவர்கள் பேன் சீப்பை எடுத்தார்கள். ஆற்றங்கரை, காடு, சந்து, பழைய ஆவணக்கட்டு, எதையும் சூயோத் செய்யலாம்.

தறியிலும் இந்தச் சொல்லின் உறவு உண்டு. லூசோன் தீவின் வடக்கே பேசும் இலோக்கானோ மொழியில் சூகோத் என்பது நெருக்கமான பல் சீப்பு. ஆபெல் என்ற கைத்தறித் துணி நெய்கிறவர்கள் தறியில் பாவு நூல்களைப் பிரித்து நிறுத்தும் அச்சுக்கும் சூகோத் என்றே சொல்கிறார்கள். பிகாஃபெட்டாவின் 'மொன்சுகுத்' நினைவிருக்கிறதல்லவா?

சூயோத் எப்படி சுயூரின் ஆனது? எழுத்துப் பிழையா?

இல்லை. தகாலோக்கில் இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே த ஒலி மாட்டிக்கொண்டால் ர ஆகிவிடும், விகுதி சேரும்போது ஓகாரம் ஊகாரமாகும். சூயோத் + இன் = சுயூரின். பழகிவிட்டால் காதுக்கு இதுதான் சரியாகப் படும்.

சுக்லாயை வினையாக எப்படிச் சொல்வது?

தகாலோக்கில் பெயருக்கும் வினைக்கும் நடுவே பெரிய வேலி கிடையாது. சுக்லாய் என்ற பெயரிலேயே ஒட்டுகளைச் சேர்த்துக்கொண்டே போகலாம்.

நான் தலை வாரினேன்: நக்சுக்லாய் அகோ. வாரிக்கொண்டிருக்கிறேன்: நக்சுசுக்லாய் அகோ. முதல் அசை இரட்டித்தால் வேலை இன்னும் முடியவில்லை என்று பொருள். இனிமேல்தான் என்றால் மக்சுசுக்லாய். உன் முடியை வாரு என்று சொல்ல: சுக்லாயின் மோ ஆங் புஹோக் மோ. குழந்தைக்கு வாரிவிடு என்றால் விகுதி மாறும்: சுக்லாயான் மோ ஆங் பாத்தா. முடி முதன்மையா, யாருக்கு வாருகிறோமோ அந்த ஆள் முதன்மையா என்பதைப் பொறுத்து இன், ஆன் என்று மாறுகிறது. தொடங்குகிறவர்கள் இதில் தடுமாறுவது சகஜம், கேட்பவருக்கு எப்படியும் புரிந்துவிடும்.

வாரி முடித்ததைச் சொல்லும்போது 'இன்' முன்னாலும் வராது, பின்னாலும் வராது, சொல்லின் வயிற்றுக்குள் புகுந்துவிடும்: சினுக்லாய். இதைக் கேட்டால் சிக்கெடுக்கும் நம் பழைய சிணுக்குவாரி ஞாபகம் வரும். தற்செயல்தான், உறவு தேட வேண்டாம்.

தமிழ்ச் சீப்புக்கும் சுக்லாய்க்கும் தொடர்பு உண்டா?

கிடையாது. சீப்பு நம் 'சீவு' என்ற வினையின் பக்கத்துச் சொல், சுக்லாய் ஆஸ்திரோனேசியக் குடும்பத்துச் சொல், அதாவது மலாய், மவோரி எல்லாம் அடங்கும் மொழிக் குடும்பம். முதல் எழுத்து ஒன்றாக இருப்பதை வைத்துக் கதை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது தகாலோக்கில் உண்மையாகவே இருக்கிறது, வேறு இடத்தில். பொருள், சாமான் என்பதற்கு அங்கே பாகாய் என்பார்கள். அது நம் 'வகை' மலாய் மொழி வழியாகப் போய்ச் சேர்ந்த வடிவம். மாம்பழத்துக்கான மங்கா, நம் மாங்காய். ஆக, சுக்லாய் தமிழ் இல்லை, ஆனால் 'சுக்லாய் ஒரு பாகாய்' என்று சொன்னால் அதில் ஒரு தமிழ்ச் சொல் இருக்கிறது.

ஆஸ்திரோனேசியக் குடும்பம் முழுவதும் ஒரே சீப்புச் சொல்லா என்றால் அதுவும் இல்லை. பசிபிக் பக்கம் போனால் ஃபிஜியில் செரு, சமோவாவில் செலு, தோங்காவில் ஹெலு, மவோரியில் ஹெரு. அது தனி வரிசை. பிலிப்பைன்ஸுக்குள்ளேயே இலோக்கானோக்காரர்கள் சாதாரணச் சீப்பைச் சகாய்சாய் என்கிறார்கள்.

பைனேத்தா என்பதும் சீப்புதானே?

தலை வாருவதற்கு அல்ல, கொண்டையில் செருகுவதற்கு. இதுதான் ஸ்பானியம், பெய்னேத்தா என்ற சொல்லின் உள்ளூர் உச்சரிப்பு. 19ஆம் நூற்றாண்டில் வசதியான வீட்டுப் பெண்கள் கொண்டை போட்டு, ஆமை ஓட்டில் செய்து பொன் தகடு வேய்ந்த வளைந்த பைனேத்தாவைச் செருகிக்கொள்வார்கள். கழுத்தில் தம்போரின் என்ற பொன்மணி மாலை, விறைப்பான மெல்லிய கையுள்ள மேலாடை, தலையில் பைனேத்தா. இன்றும் பள்ளி விழாக்களில் நாட்டுப்புற நடனம் என்றால் பிளாஸ்டிக் பைனேத்தாக்கள் வெளியே வரும்.

பழம்பொருள் கடையில் ஆமை ஓட்டுச் சீப்பைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள். அழுங்காமை ஓடு பன்னாட்டு வணிகத் தடைப் பட்டியலில் இருக்கிறது, பிலிப்பைன்ஸிலும் 2001-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. விமான நிலையத்தில் வம்பாகிவிடும்.

அலங்காரச் சீப்பு ஸ்பானியரோடுதான் வந்தது என்றும் நினைக்க வேண்டாம். தெற்கே மிந்தனாவோ தீவில், செபு என்ற ஏரியின் கரையில் (செபுத் தீவு வேறு) வாழும் திபோலிப் பெண்கள் மணிகளும் கண்ணாடித் துண்டுகளும் பதித்த சீப்புகளைத் தலையில் செருகுவார்கள். அவர்கள் மொழியில் அது சுவாத்.

மிந்தனாவோவின் தவாவோ நகரில் இருக்கிறேன். இங்கே சுத்லாய் என்கிறார்களே, எது சரி?

இரண்டும் சரி. தவாவோவில் வீட்டிலும் தெருவிலும் பேசுவது பெரும்பாலும் செபுவானோ வகை, அதனால் சுத்லாய் காதில் விழும். பள்ளியிலும் தொலைக்காட்சியிலும் பிலிப்பினோ, அதாவது தகாலோக்கை அடிப்படையாக வைத்து வளர்த்த தேசிய மொழி, அதனால் சுக்லாயும் எல்லாருக்கும் புரியும். அங்கே மருத்துவம் படிக்கப் போன நம்மூர்ப் பிள்ளைகள் இரண்டையும் கலந்தே பேசுகிறார்கள், ஒன்றும் குடிமுழுகவில்லை.

மஹூசாய் என்று பாராட்டுகிறார்களே, அதற்கும் தலைமுடிக்கும் சம்பந்தம் உண்டாமே?

உண்டு. ஹூசாய் என்றால் ஒழுங்கு, சீர். செபுவானோ உள்ளிட்ட விசாய மொழிகளில் ஹூசாய் சிக்கலான முடியைப் பிரித்து வாருவதையும் குறிக்கும், வழக்கைத் தீர்த்து வைப்பதையும் குறிக்கும். தகாலோக்கில் மஹூசாய் என்றால் திறமையானவர், நன்றாகச் செய்தது. சமையல் நன்றாக இருந்தால் தாராளமாகச் சொல்லலாம்.

பழைய எழுத்தில் சுக்லாயை எப்படி எழுதினார்கள்?

ஸ்பானியர் வருமுன் தகாலோக்கை எழுதிய எழுத்து பாய்பாயின். நம் எழுத்தைப்போல அதுவும் பிராமி வழி வந்ததுதான், அகரம் உள்ளே இருக்கும், மேலோ கீழோ குறி போட்டால் உயிர் மாறும். ஆனால் அதில் புள்ளி கிடையாது. அசையின் கடைசியில் வரும் மெய்யை எழுதவே மாட்டார்கள். ஆக, சுக்லாய் என்பதில் க்-ஐயும் ய்-ஐயும் விட்டுவிட்டு 'சு', 'ல' என்று இரண்டே எழுத்து. கடிதத்துக்கு சூலாத் என்று பெயர், அதையும் இதே 'சு', 'ல' என்றுதான் எழுத வேண்டும். 'சு ல அனுப்பு' என்று ஓலை வந்தால் சீப்பா கடிதமா என்று படிப்பவர்தான் இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

1620 வாக்கில் பிரான்சிஸ்கோ லோபெஸ் என்ற பாதிரியார் மெய்யைக் காட்டச் சிலுவை வடிவத்தில் ஒரு குறியைக் கொண்டுவந்தார். நம் புள்ளி செய்யும் அதே வேலை. ஊர்க்காரர்கள் அதைப் பெரிதாக ஏற்றுக்கொள்ளவில்லை. இன்று பச்சை குத்திக்கொள்ளும் இளைஞர்கள்தான் அதை விரும்பிப் போடுகிறார்கள்.

ரோமன் எழுத்துக்கு மாறிய பிறகு ஸ்பானிய வழக்கப்படி க ஒலிக்கு 'சி' (C) எழுத்தைப் போட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தேசியவாத எழுத்தாளர் ஹோசே ரிசால் போன்றவர்கள் 'கே' (K) எழுத்தே போதும் என்று வாதாடி, அது பிறகு நிலைத்தது. ஊர்ப் பெயர்களில் மட்டும் பழசு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவுரோரா மாகாணத்தின் பலேர் நகரில் சுக்லாயின் என்றே ஒரு பரங்காய் (ஊராட்சி மாதிரியான சிறு நிர்வாகப் பிரிவு) இருக்கிறது, அதை இன்றும் 'சி' போட்டு எழுதுகிறார்கள்.

வாழைப்பழச் சீப்புக்கும் சுக்லாய்தானா?

இல்லை, கேட்டால் சிரிப்பார்கள். வாழைப்பழச் சீப்பு பிலிங், முழுத் தார் புவிக். சேவல் கொண்டை பாலோங், தேன்கூட்டின் அடை பனீலான். ஆங்கிலத்தில் சேவல் கொண்டைக்கும் தேனடைக்கும் சீப்புக்கும் ஒரே சொல் என்பதால், ஆங்கிலம் வழியாகத் தகாலோக் படிப்பவர்கள் எல்லாவற்றையும் சுக்லாய் ஆக்கிவிடுகிறார்கள்.

இரவில் தலை வாரக் கூடாதாமே?

அப்படி ஒரு நம்பிக்கை அங்கேயும் உண்டு. இரவில் வாரினால் தலை வழுக்கையாகும், பெற்றோருக்கு ஆகாது என்றெல்லாம் சொல்வார்கள். விளக்கு வைத்த பிறகு வாராதே என்று நம் பாட்டிகள் சொன்னதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. ஆனால் அவர்களிடம் பரிகாரம் இருக்கிறது: வாரியே ஆக வேண்டும் என்றால் சீப்பின் முனையை முதலில் பல்லால் கடித்துவிட்டு வாரலாம்.

நிலாவே ஒரு சீப்பு என்று சொல்லும் கதையும் இருக்கிறது, மிந்தனாவோவின் புக்கிட்னோன் மக்களிடையே. அப்போது வானம் கைக்கெட்டும் உயரத்தில் இருந்ததாம். நெல் குத்த வந்த பெண் ஒருத்தி கழுத்து மணியையும் தலைச் சீப்பையும் கழற்றி வானத்தில் மாட்டிவிட்டு உலக்கையை எடுத்தாள். வேகம் ஏற ஏற உலக்கை வானத்தில் இடித்தது. வலி தாங்காத வானம் மேலே போய்விட்டது, சீப்பும் மணியும் அதோடு போய்விட்டன. சீப்பு நிலாவானது, மணிகள் நட்சத்திரங்களாயின.

சுக்லாயும் சுக்லியும் ஒன்றா?

இல்லை. சுக்லி என்றால் மீதிச் சில்லறை. ஜீப்னி என்ற ஷேர் வண்டியில் காசு கொடுத்துவிட்டு 'சுக்லாய் போ' என்று கேட்டால் ஓட்டுநர் திரும்பிப் பார்ப்பார். 'சுக்லி போ' என்று கேட்க வேண்டும். 'போ' என்றதும் திட்டுகிறோமோ என்று தயங்க வேண்டாம், அது மரியாதைச் சொல், நம் 'ங்க' மாதிரி. பெரியவர்களிடமும் கடைக்காரரிடமும் அதை விடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் சீப்பு வாங்க என்ன கேட்க வேண்டும்?

'மாய் சுக்லாய் போ பா காயோ?' சீப்பு இருக்குங்களா என்று பொருள். இருந்தால் 'மக்கானோ போ?', என்ன விலைங்க. பேன் சீப்பு வேண்டுமென்றால் சுக்லாயை எடுத்துவிட்டுச் சூயோத்தைப் போடுங்கள். அப்போது கடைக்காரம்மா உங்கள் தலையை ஒரு தடவை பார்க்கத்தான் செய்வார்.